தச்சரின் பெயரில்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் தனியாக இருந்தார். கீழே லிஃப்டுக்காக நின்றவர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு படியேறினார்கள், அதற்கப்புறம்தான் ஒருவர் சந்தேகப்பட்டு மேலே ஆள் அனுப்பினார்.

உயிர் தப்பியது. வலது கை போயிற்று. வலது கால் பாதி போயிற்று. பேச்சு மொத்தமாகப் போய், ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. "அதுதான்." பசித்தாலும் அதுதான், தலை வலித்தாலும் அதுதான், ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்கும் அதுதான். மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. படிப்பதும் முடிந்தது, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, மிக மெதுவாக. எழுத மட்டும் வரவில்லை. மனத்தில் ஒன்று இருக்கும், விரலில் வேறொன்று வரும்.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். கடைக்காரரிடம் கேட்டு மதியத்தோடு வேலையை முடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்து, தூங்கவைப்பாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே கேட்டார்கள், "இப்ப எப்படி இருக்கார்?" அவளும் சொன்னாள், "பரவாயில்ல." அதற்கு மேல் அவளிடம் கேட்க யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வீட்டின் சுவரலமாரியில், போர்வை அடுக்கிய தட்டுக்குக் கீழே, ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் சர்வர். மரம் வெட்டி, கல் உடைத்து, கட்டை கட்டையாக அடுக்கி வீடும் பாலமும் கட்டுகிற விளையாட்டு ஒன்று; அதில் ஓர் உலகத்தையே அவர் அந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தார். எங்கெங்கோ இருக்கிற சிலர் தங்கள் வீட்டிலிருந்தபடி அந்த உலகத்துக்குள் வந்து போனார்கள். அங்கே அவருக்குப் பெயர் தச்சர். சாரமில்லாமல் கோபுரம் எழுப்புவதிலும், கூரை இறக்கம் பார்ப்பதிலும் அவரை அடிக்க ஆளில்லை என்று பேச்சு.

அந்தப் பெட்டியில் அவர் போட்டிருந்தது ஃப்ரீபிஎஸ்டி என்கிற இயங்குதளம். விளையாட்டைச் செய்தவர்கள் அதை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. விண்டோஸில் என்றால் இரண்டு பொத்தானில் முடிகிற வேலைக்கு இவர் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார். அவளுடைய தம்பி ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவன். அவன் ஒருமுறை கேட்டான், "மாமா, ஊர்ல எல்லாரும் போடறதைப் போட்டுட்டுப் போகலாம்ல? எதுக்கு இந்த வம்பு?"

"எல்லாரும் போடறதைப் போட்டா ஏதாவது ஆனா எல்லாரையும் கேட்கலாம்," என்றார் மெக்கானிக். "இதுல என்னை நானே கேட்டுக்கணும். அது எனக்குப் பிடிச்சிருக்கு."

இப்போது அவரால் அவரையே கேட்டுக்கொள்ள முடியாமல் போயிருந்தது. ஆனாலும் பெட்டி தன்பாட்டுக்கு ஓடியது.

மருத்துவமனையிலிருந்து வந்த சில வாரங்களில் அவர் தடியை ஊன்றிப்போய்த் திரைக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார். மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்தாள். நடக்க வேண்டுமானால் மவுஸை விட்டுவிட்டுக் கீபோர்டுக்கு வர வேண்டும். எதையாவது பார்க்க வேண்டுமானால் நின்றுவிட வேண்டும். ஒரே கையால் இரண்டும் நடக்கவில்லை. தச்சர் இரண்டடி நடந்தார், நின்றார், அண்ணாந்து பார்த்தார், மறுபடி இரண்டடி நடந்தார். திரையின் ஓரத்தில் மற்றவர்கள் எழுதும் வரிகள் வந்து விழுந்தன.

"தச்சரே, எங்க போனீங்க இத்தனை நாளா?" என்று ஆந்தை என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். பட்டாணி என்று இன்னொருவர், "ஆள் கட்சி மாறிட்டாரோன்னு நினைச்சோம்" என்று எழுதியிருந்தார்.

மெக்கானிக் அந்த வரிகளை வெகுநேரம் கூட்டிப் படித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, மேசையைத் தட்டி, "அதுதான்" என்றார்.

"நான் எழுதவா?"

தலையை ஆட்டினார்.

அவள் எழுதினாள்: "கொஞ்சம் உடம்பு சரியில்லாம இருந்தது. இப்ப பரவாயில்லை." அவர் படித்துவிட்டு மறுபடி தலையாட்டினார். பக்கவாதம் என்று எழுதட்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவருக்கு அது பிடிக்காது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த ஓர் இடத்தில்தான் அவர் நோயாளி இல்லை.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. அவர் கட்டை வைப்பார், அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதில் எழுதுவாள். ஒரு வரி, இரண்டு வரி. அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அனுப்புவாள்.

எப்போது அது கைமீறிப் போயிற்று என்று அவளுக்கே தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கும் நேரத்தில் வீடு சத்தமில்லாமல் கிடக்கும். பாத்திரம் கழுவி, துணி உலர்த்திவிட்டு வந்தால் திரை அணையாமல் இருக்கும். ஒருநாள் ஆந்தை எழுதியிருந்தார்: "தச்சரே, இருக்கீங்களா? அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்னு இருக்கேன். தப்பா சரியான்னு புரியல." அப்படி ஒரு கேள்வியைப் பதில் சொல்லாமல் விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து எழுதினாள். உங்களால முடியாம போனதுக்கு அப்புறம்தானே இந்த யோசனையே வந்திருக்கு, முடியாததை முடியலன்னு சொல்றதுல பாவம் ஒண்ணும் இல்ல, சாப்பிட்டீங்களா என்றெல்லாம் எழுதினாள். ஆந்தை வெகுநேரம் கழித்து, "இப்படி யாரும் சொல்லல" என்று எழுதினார்.

அன்றைக்கு மாலை அவள் என்றுமில்லாமல் பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்தாள்.

அதன் பிறகு அவர் கண்ணயர்ந்ததும் அவள் ஸ்டூலைத் தேடிப் போனாள். ஆந்தையிடம்தான் அதிகம் பேசினாள். தச்சருக்கும் ஆந்தைக்கும் பழக்கம் பல வருஷமாம். பழைய பேச்சுகளை ஆந்தை நினைவுபடுத்தும்போது அவளுக்குத் திக்கென்றது. மெக்கானிக்கின் அப்பா இறந்த அன்று அவர் அழவில்லையே என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்; அழ முடியாததுதான் தன்னைத் தின்கிறது என்று அவர் ஆந்தையிடம் சொல்லியிருந்தார். மனைவியிடம் சொன்னதில்லை. அவள் அதைப் படித்துவிட்டு, "ஆமா, ஞாபகம் இருக்கு" என்று எழுதினாள்.

ஒரு விடுமுறை மதியம், காலையிலிருந்து அவர் இரண்டு முறை படுக்கையை நனைத்து, அவள் இடுப்பு விட்டுப்போன நாள், தச்சரின் பெயரில் இப்படி எழுதினாள்: "வீட்டுல என் மனைவி ரொம்பக் கஷ்டப்படறா. எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. அவளை யாரும் கேக்கறதில்ல."

ஆந்தையின் பதில் சட்டென்று வந்தது. "நீங்க கேளுங்க தச்சரே."

அவள் அந்த வரியைப் பார்த்தபடியே இருந்தாள். கண் நிறைந்து எழுத்து கலங்கியது. அதனால்தான் பின்னால் தடி ஊன்றும் சத்தம் அவள் காதில் விழவில்லை.

மெக்கானிக் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் அவளைத் தள்ளவில்லை. இடது கையை நீட்டி மவுஸைப் பிடித்து வரிகளை மேலே உருட்டினார். நிறுத்தி, கூட்டிப் படித்தார். மறுபடி உருட்டினார். தச்சர், தச்சர், தச்சர் என்று தன் பெயர் வருகிற இடங்களில் எல்லாம் விரலால் திரையைத் தொட்டார். மனைவியைப் பற்றிய வரிக்குத் திரும்பி வந்து அதில் மிக நேரம் நின்றார்.

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க," என்றாள். "யாராவது கேட்டா பதில் சொல்லாம விட்டா நல்லாயிருக்காதேன்னு..."

"அதுதான்," என்றார் அவர். இதுவரை அவள் கேட்டிராத குரலில். பிறகு படுக்கைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் திரைக்கு முன்னால் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிட்டார். சட்டை மாட்டக் கையை நீட்டினார். முகத்தை மட்டும் எங்கோ வைத்துக்கொண்டார். பேச்சு இருக்கிற ஆளாக இருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

அந்த வாரக் கடைசியில் கட்டடத்தில் மின்வயர் மாற்றினார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் கரண்ட்டைப் பிடுங்கி, விட்டு, மறுபடி பிடுங்கினார்கள். மின்சாரம் வந்த பிறகும் அலமாரிப் பெட்டி எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் தடியோடு போய் அதில் செருகியிருந்த சின்னத் திரையைப் பார்த்தார். கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஏதோ எழுதிவிட்டு அது காத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது புரிந்தது என்று அவர் முகமே சொல்லிற்று. செய்ய வேண்டியதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒற்றை விரலால் அடித்தார். பெட்டி அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. மறுபடி அடித்தார். மறுபடி அதே பதில். நாலைந்து எழுத்துதான். அந்த நாலைந்தும் வரிசையாக வரமாட்டேன் என்றன. கடைசியில் உள்ளங்கையால் கீபோர்டை ஓங்கி அறைந்துவிட்டு அங்கேயே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

தம்பி வந்தான். குனிந்து பார்த்தான், செல்போனில் எதையோ தேடினான், பின்னங்கழுத்தைச் சொறிந்தான்.

"அக்கா, இது எனக்குப் பழக்கமில்லாத சிஸ்டம். ஏதாவது தப்பா அடிச்சு இருக்கறதும் போயிடுச்சுன்னா? சுத்தமா அழிச்சிட்டு எல்லாரும் வெச்சிருக்கறதைப் போட்டுடலாம். சாயங்காலத்துக்குள்ள ஓட ஆரம்பிச்சிடும்."

"உள்ள அவர் கட்டினதெல்லாம்?"

"அது போயிடும். புதுசா கட்டிக்கலாம்ல. விளையாட்டுதானே அக்கா."

மெக்கானிக் எழுந்திருக்க முயன்றார். எழ முடியாமல், இருந்த இடத்திலிருந்தே தடியை நீட்டி அலமாரிக் கதவுக்குக் குறுக்கே பிடித்தார். தம்பி அக்காவைப் பார்த்தான். "சரி மாமா, தொடல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவள் கணவருடைய செல்போனை எடுத்துத் தேடினாள். ஆந்தை என்றே ஓர் எண் இருந்தது. கூப்பிட்டாள்.

தூக்கம் கலையாத ஒரு பெண்குரல் "சொல்லுங்க தச்சரே" என்றது.

இவ்வளவு நாள் ஆந்தையை ஓர் ஆணாகவே அவள் நினைத்து வைத்திருந்தாள். ஒரு நிமிஷம் கூப்பிட்ட காரியமே மறந்துபோயிற்று.

"நான் அவரில்ல. அவரோட மனைவி."

"தெரியும்," என்றாள் ஆந்தை. எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "ரொம்ப நாளாவே தெரியும்."

"எப்படி?"

"அவர் ஒருநாளும் என்னை சாப்பிட்டீங்களான்னு கேட்டதில்லைங்க. அப்புறம், மனைவியைப் பத்தி எழுதினீங்க பாருங்க, அதோட நிச்சயமாயிடுச்சு. அவர் அப்படி எழுதற ஆள் இல்ல."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா பதில் சொல்லிடுவீங்களேன்னு பயந்தேன். அவர் இருக்காரா?"

"இருக்கார். பேச்சு வரல. வலது கை வரல."

ஆந்தை குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவுப் பணி பார்க்கிறவள், காலையில் வந்து மதியம்வரை தூங்குவாள். அந்தப் பெயரே அதனால் வந்தது. அவளும் இதே சிஸ்டத்தை வைத்திருக்கிறவள். ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுத்தான் இருவரும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். தன்னைத் தானே கேட்டுக்கொள்வதாக அவர் தம்பியிடம் சொன்னது முழு உண்மை இல்லை என்று மனைவிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சரி, திரையில என்ன இருக்குன்னு படிங்க," என்றாள் ஆந்தை.

அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"பயப்படாதீங்க. கரண்ட் திடீர்னு போனதால எழுதிட்டிருந்தது பாதியில நின்னிருக்கு. அதை சரி பார்க்கச் சொல்லிக் கேக்குது, அவ்வளவுதான். முதல்ல என்டர் ஒரு தடவை தட்டுங்க. இப்ப நான் சொல்ற எழுத்தை அடிங்க. எஃப். எஸ். சி. கே. ஒரு இடம் விடுங்க. சின்னக் கோடு. ஒய்."

"அந்த ஒய் எதுக்கு?"

"அது நிறையக் கேள்வி கேக்கும். எல்லாத்துக்கும் ஆமான்னு முன்கூட்டியே சொல்லிடறோம்."

திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. மெக்கானிக் தரையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு வரியையும் கண்ணால் பிடிக்கப் பார்த்தார். ஓட்டம் நின்றதும் ஆந்தை சொன்னபடி மறுபடி கிளப்பினாள். பெட்டி எழுந்தது. உலகம் எழுந்தது. எதுவும் போகவில்லை.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் ஆந்தை. போட்டதும், "தச்சரே, நான்தான்," என்றாள். அவர் போனைப் பார்த்தார். வாய் திறந்தது. அந்த ஒரே சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

மற்றவர்களிடம் சொல்வதா என்று அவரைக் கேட்டுச் செய்யும்படி ஆந்தை சொல்லியிருந்தாள். அவள் கேட்டாள். அவர் மெல்லத் தலையாட்டினார். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல இருந்தது அது.

செய்தி தெரிந்ததும் எல்லோரும் வந்தார்கள். எப்போதோ விட்டுப்போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். தச்சர் இரண்டடி நடந்தால் பட்டாணி முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். வழியிலிருந்த குழிகளை யாரோ மூடினார்கள். அவர் எதிரே வந்தால் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். ஒருநாள் அவர் உள்ளே போனபோது, அவர் எப்போதும் நிற்கிற குன்றின்மேல் ஒரு பெரிய வீடு எழும்பியிருந்தது. படியில்லாத வீடு. சாய்தளம் வைத்துக் கட்டியிருந்தார்கள். வாசலில் பலகை: "தச்சருக்கு, நண்பர்கள்."

மெக்கானிக் அந்த வீட்டைச் சுற்றி வந்தார். கூரை இறக்கம் தப்பாக இருந்தது. அவளுக்கே இப்போது அதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் கோடரியை எடுத்தார். வாசல் பலகையை முதலில் வெட்டினார். பிறகு சுவரை, ஒவ்வொரு கட்டையாக. நின்று, மவுஸிலிருந்து கீபோர்டுக்குக் கையை மாற்றி, நடந்து, மறுபடி நின்று, அந்தப் பிற்பகல் முழுக்க உடைத்தார். சுற்றிலும் அவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏன் தச்சரே?" என்று பட்டாணி எழுதினார்.

அவள் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போய் உட்கார்ந்து நல்லவிதமாக ஒரு வரி எழுதிவிடலாம் என்று கை பரபரத்தது. போகவில்லை. அவரே இடது விரலால் தேடித் தேடி எதையோ அடித்து அனுப்பினார். அர்த்தமில்லாத எழுத்துகளாக அது போய் விழுந்தது. ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். கடைசிவரை இருந்தது ஆந்தை மட்டும்தான். அவளும் கொஞ்ச நேரம் கழித்து வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

அதன் பிறகு கூட்டம் குறைந்துபோயிற்று. இரண்டு கையாலும் விளையாடுகிறவர்களுக்கு நல்ல சர்வர்கள் ஊரெல்லாம் கிடக்கின்றன. மெக்கானிக் மட்டும் தினமும் போய், வெறும் குன்றில் எதற்கோ அஸ்திவாரம் போட்டார், கலைத்தார். ஆந்தை விடுமுறை நாளில் வந்து, ஒன்றும் எழுதாமல், அவருக்குக் கல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்.

ஒருநாள் ஆந்தை போனில் கூப்பிட்டாள், அவளை.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்," என்றாள்.

"உங்களுக்குன்னு ஒரு பேர் போட்டுத் தரேன். நீங்களா வாங்க. எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம இருக்கு. ஆனா அது அவரோட இடம். ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டுடுங்க."

போனை வைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் லேசாக இருந்தது. என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்தபடி அறைக்குப் போனாள். அவர் திரைக்கு முன்னால் இருந்தார்.

"என்னங்க. நானும் வரட்டுமா? உங்க பேர்ல இல்ல. எனக்குன்னு ஒரு பேர்ல. ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

அவர் திரும்பினார். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில், களைப்புதான் இருந்தது. உதடுகள் ஒன்றோடொன்று முட்டி, கோணி, மெல்ல விலகின. கழுத்து நரம்பு புடைத்தது.

"வேணாம்," என்றார்.

திருத்தமாக, தெளிவாக வந்தது. அவருக்கே தூக்கிவாரிப்போட்டிருக்க வேண்டும். கையை வாயருகே கொண்டுபோனார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றாள். "வேணாம்னா வேணாம்."

அடுத்த முறை பேச்சுப் பயிற்சிக்குப் போனபோது, பயிற்சி கொடுக்கும் பெண் வழக்கம்போல் புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டாள். அவர் வேணாம் என்றதை மனைவி சொன்னாள். அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். எத்தனை பேர் ஒரே சொல்லோடு நின்றுபோகிறார்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். மெக்கானிக் தலைகுனிந்து, செயலிழந்த வலது கையை இடது கையால் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எப்படி வந்தது? என்ன கேட்டதுக்குச் சொன்னார்?"

"டீ குடிக்கறீங்களான்னு கேட்டேன்," என்றாள் அவள்.

வெளியே மழை பிடித்திருந்தது. பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் அவர் எழுந்திருக்கக் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.